ஊதுங்கள், கேட்காது!

டால்கம் பவுடர் டப்பா உயரத்துக்கு ஒரு தகர டப்பா. அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் புனல். மேலே ஒரு பொத்தான். அழுத்தினால் 'பாம்ம்ம்ம்' என்று லாரி ஒன்று உங்கள் வலது காது வழியாக ஏறி, மண்டைக்குள் ஒரு யு-டர்ன் அடித்து, இடது காது வழியாக இறங்கிப் போகும். பெயர் ஏர் ஹாரன். கையடக்கம். வயர் வேண்டாம், பேட்டரி வேண்டாம், வாசிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

கடைசியில் சொன்னேனே, அதுதான் இதன் வெற்றி ரகசியம். நாதஸ்வரத்தில் ஒழுங்காக ஒரு 'ஸ' வர வைப்பதற்கே மாசக்கணக்கில் கன்னம் உப்ப வேண்டும். இதற்குக் கட்டை விரல் ஒன்று போதும். கிரிக்கெட்டில் ஜெயித்தால் பாம்ம், பர்த்டே கேக் வெட்டினால் பாம்ம், டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு காலத்தில் மொட்டை மாடிப் பார்ட்டி என்றால் சீரியல் செட்டு, ஒரு டேப் ரிக்கார்டர், தட்டு நிறைய பஃப்ஸ், யாராவது ஒருத்தர் பாடி மற்றவர்கள் பொறுத்துக்கொள்வது. இப்போது பாடுகிற ஆசாமிக்கு மவுசு போய்விட்டது. டப்பா வந்துவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது? பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. வாயுவை அழுத்தித் திரவமாக்கி அடைத்து வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் அது ஆவியாகி மேலே பாயும். வழியில் ஒரு மெல்லிய சவ்வு. வாயு அதைத் தூக்கும், இடுக்கில் தப்பித்துப் போகும், சவ்வு மறுபடி உட்காரும், மறுபடி தூக்கும். செகண்டுக்குச் சில நூறு தடவை இந்தக் கூத்து. அதைப் புனல் பெரிசு பண்ணி ஊருக்குக் கொடுக்கிறது. தொடர்ந்து அழுத்தினால் டப்பா ஜில்லிட்டுப் போகும், உள்ளே அழுத்தம் குறையும், சத்தம் கம்மி, ஜலதோஷம் பிடித்த எருமை மாதிரி முனகும். ஒரு எச்சரிக்கை: சில டப்பாக்களில் இருப்பது சமையல் காஸின் தாயாதி. பற்றிக்கொள்ளும். கேக்கில் மெழுகுவத்தி எரியும்போது பக்கத்தில் நின்று ஊதும் உற்சாகிகள் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை ஒரு தடவை படித்துவிட்டு ஊதலாம்.

இந்த டப்பாவின் முறையான உத்தியோகம் மொட்டை மாடியில் இல்லை. படகில். நடுக்கடலில் பனிமூட்டம், எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை, கத்தினால் கேட்காது. அப்போது சின்னப் படகுக்காரர்கள் அழுத்துவதற்காக வைத்திருக்கிற சமாசாரம். கடலில் நினைத்தபடி ஊதவும் முடியாது. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க 1972-ல் செய்துகொண்ட சர்வதேச விதிகள் இருக்கின்றன. அதில் ஹாரனுக்கு ஒரு பாஷையே இருக்கிறது.

ஒரு செகண்டுக்கு ஒரு குட்டை ஊதல்: நான் வலது பக்கம் திரும்புகிறேன். இரண்டு குட்டை: இடது பக்கம். மூன்று: என் எஞ்சின் ரிவர்ஸில் ஓடுகிறது. பனிமூட்டத்தில் போய்க்கொண்டிருந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது நாலு முதல் ஆறு செகண்டுக்கு ஒரு நீளம். குட்டையாக ஐந்து அடித்தால், 'நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை' என்று அர்த்தம்.

இந்த ஐந்து குட்டையை ஆபீஸ்களிலும் அனுமதிக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. திங்கட்கிழமை காலை ரிவ்யூ மீட்டிங்கில் மானேஜர் போர்டில் அம்புக்குறி போட்டு 'ஸினர்ஜி' என்று எழுதுகிறபோது பின் வரிசையிலிருந்து பாம், பாம், பாம், பாம், பாம். இங்க்ரிமென்ட் போகும். போனால் என்ன, வருவதே இல்லையே.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பார்ட்டியில் பையன் ஒருத்தன் விடாமல் மூன்று மூன்றாக அடித்துக்கொண்டிருந்தான். ரிவர்ஸில் போகிறேன் என்று அர்த்தம். அவன் நடந்து வந்த தினுசைப் பார்த்தால் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

முக்கியமானதை விட்டுவிட்டேன். அதே விதிகளின் கடைசியில் ஆபத்து சமிக்ஞைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று, பனிமூட்ட ஹாரனை நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருப்பது. அர்த்தம்: காப்பாற்றுங்கள். ஆக, சர்வதேசச் சட்டப்படி பார்த்தால் நம் மொட்டை மாடிகள் ஒவ்வொரு டிசம்பர் 31-ம் ராத்திரியும் மூழ்கிக்கொண்டிருக்கின்றன.

காது விஷயத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு உண்டு, கொட்டாவி விடாதீர்கள்.

இந்த டப்பாக்களில் பெரும்பாலும் 110-லிருந்து 120 டெசிபல் வரை போட்டிருப்பார்கள். டெசிபல் என்பது கறிகாய்த் தராசு மாதிரி ஏறுவதில்லை. பத்து கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. இருபது கூடினால் நூறு மடங்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் வரை இருக்கலாம் என்பது சட்டம். 115 என்பது அதைவிட 60 கூடுதல், அதாவது பத்து லட்சம் மடங்கு. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராய்கிற அரசு நிறுவனம் 1998-ல் ஒரு வரம்பு சொன்னது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதி பாதியாகக் குறையும். நூறு டெசிபலுக்குக் கால் மணி. 115-க்கு 28 செகண்ட். ஒரு நாள் முழுவதற்குமான ரேஷன் அது! கவுன்ட் டவுன் முடிந்து 'ஹேப்பி நியூ இயர்' சொல்லிக் கை குலுக்குவதற்குள் தீர்ந்துவிடும்.

தீர்ந்த பிறகு? உள்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு சமாசாரம். அதில் பிறக்கும்போதே காதுக்குச் சுமார் 15,000 மயிர் செல்கள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சத்தம் வந்தால் நெற்பயிர் மாதிரி ஆடி மூளைக்குச் சேதி சொல்வது அவைதான். அளவுக்கு மீறிய சத்தம் வந்தால் புயலில் சிக்கிய பயிர் மாதிரி சாயும். கொஞ்சம் சாய்ந்தவை எழுந்துகொள்ளும். செத்தது செத்ததுதான், மறு நடவு கிடையாது. ராத்திரி படுக்கையில் காதுக்குள் சில்வண்டு கத்துகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பொட்டல் காடு.

இதில் ஒரு வயிற்றெரிச்சல். 1988-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: சத்தத்தால் செத்துப்போன இந்தச் செல்கள் கோழிக்குஞ்சுக்கும் காடைக்கும் திரும்ப முளைக்கின்றன. நமக்கு முளைப்பதில்லை. தட்டில் பெப்பர் ஃப்ரையாக இருக்கிற ஜீவனுக்குக் கிடைத்த சலுகை, தட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறவருக்குக் கிடைக்கவில்லை.

'சார், நான்தானே ஊதறேன், என் காது, என் இஷ்டம்' என்கிற கட்சிக்காரர்கள் உண்டு. சத்தம் தூரம் போகப்போகக் குறையும், வாஸ்தவம். தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் திறந்த வெளியில் ஒரு மீட்டரில் 115 என்றால் நூறு மீட்டரில் 75. ராத்திரிக்கு அனுமதி 45. நூறு மீட்டர் என்பது எங்கள் தெருவில் முதல் வீட்டுக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் நடுவே உள்ள தூரம். அதற்குள் எத்தனை தொட்டில், எத்தனை பி.பி. மாத்திரை, மறுநாள் பரீட்சைக்குப் படிக்கிற எத்தனை பிள்ளைகள், கட்டிலுக்கடியில் எத்தனை நாய்கள்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளை 2010-ல் திருத்தினார்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி மட்டுமில்லை, சத்தம் எழுப்பும் எந்தக் கருவியும் திறந்த வெளியில் கூடாது, பொது ஆபத்து நேரம் தவிர. குடியிருப்புப் பகுதியில் ராத்திரி வண்டி ஹாரனே அடிக்கக்கூடாது. பண்டிகை என்று மாநில அரசு வருஷத்துக்குப் பதினைந்து நாள் ஒலிபெருக்கிக்கு விதிவிலக்கு தரலாம். அதுவும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான். கவனியுங்கள், விதிவிலக்கு முடிகிற நேரம் பன்னிரண்டு. நம்ம ஆட்கள் ஆரம்பிப்பதே பன்னிரண்டுக்கு!

பஸ்ஸில் மாட்டினால் பிடுங்குகிறார்கள். 2025 அக்டோபரில் கேரளாவில் பிடுங்கிய ஏர் ஹாரன்களைக் கொச்சியில் ரோட்டில் பரப்பி ரோட் ரோலர் ஏற்றியே நசுக்கினார்கள். வண்டியில் இருந்தால் குற்றம், கையில் இருந்தால் குதூகலம். தீபாவளி வெடிக்குக்கூடத் தமிழ்நாட்டில் 2018-லிருந்து காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். டப்பாவுக்கு நல்ல நேரம் குறிக்க இன்னும் ஒரு ஜோசியரும் வரவில்லை.

நமக்குச் சத்தம் பிடிக்காது என்று சொன்னால் என்னை யாரும் நம்ப மாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன். தவிலும் பறையும் கேட்டு வளர்ந்த காது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தாலி கட்டும்போது 'கெட்டிமேளம்... கெட்டிமேளம்' என்று விரலை ஆட்டுகிறார்களே, எதற்கு? அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ அபசகுனமாக வார்த்தை விட்டாலோ காதில் விழக்கூடாது என்பதற்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டுமென்றே மற்ற சத்தத்தை அமுக்குகிற ஏற்பாடு. மூன்று முடிச்சு விழுந்ததும் தவில்காரர் கையை எடுத்துவிடுவார். பிறகு யார் அழுதாலும் கேட்கும்.

இதை எழுதக் காரணம் எங்கள் பிளாட்ஸில் 2023 டிசம்பர் 31 ராத்திரி நடந்தது.

நாலு மாடி, இருபத்து நாலு வீடு. மொட்டை மாடியில் கேக், பிளாஸ்டிக் நாற்காலி, கிழவர்களுக்கு மஃப்ளர், குழந்தைகளுக்குத் தூக்கம். மூன்றாவது மாடிப் பையன், நல்ல பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட், அன்று லீவு போட்டுவிட்டு டப்பாவோடு வந்திருந்தான். பதினொன்றரைக்கே ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டுக்கு அவன் அழுத்தினான் பாருங்கள், எதிர் பில்டிங்கில் பதிலுக்கு ஒருத்தன் அழுத்தினான். அவ்வளவுதான், இரண்டு கப்பலும் மோதிக்கொண்டன. இவன் ஒரு நீளம், அவன் ஒரு நீளம், நடுவில் எல்லாரும் 'ஹேஏஏ'.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு நம் டப்பா முனகியது. எருமை கட்டம். பிறகு புஸ்ஸென்று தீர்ந்தது. எதிர் பில்டிங்கும் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தது. பையன் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே, பாத்ரூம் ஜன்னல்களெல்லாம் திறக்கிற அந்த டக்ட் பக்கமாகப் போய் நின்றான். நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

"சார், கீழேருந்து என்னமோ தட்டுற சத்தம் கேக்குது."

டொக். டொக் டொக். கொஞ்சம் விட்டு மறுபடி டொக்.

தரைத் தளத்தில் ரிடையர்டு டீச்சர். தனியாக இருக்கிறார், பையன் வெளிநாட்டில். எட்டு மணிக்கே மாடிக்கு வந்து பாயசம் கொடுத்துவிட்டு 'எனக்குப் பனி ஆகாது' என்று இறங்கிப் போனவர். பதினொன்றே முக்காலுக்கு பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு. எழுந்திருக்க முடியவில்லை, போன் படுக்கையில். முதலில் கத்தியிருக்கிறார். குரல் போனதும் பித்தளைச் சொம்பால் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நாற்பது நிமிஷம். நாலு மாடிக்கு மேலே இருந்த நாங்கள் அறுபது பேர், எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

கதவை உடைத்ததும், 108 வந்ததும், ஆபரேஷனும் ஆயிற்று. பிழைத்துக்கொண்டார். இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அந்தப் பையன் கால்மாட்டில் நின்றுகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் அவனைத் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்:

"நானும் கத்தினேன்டா. நான் கத்தறப்பல்லாம் நீங்க மேல 'ஹே'ன்னு கத்தினீங்க. சரி, யாருக்கோ கேட்டிருச்சு, பதில் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். பாம் பாம்னு சத்தம் வேற. ஆம்புலன்ஸ்தான் வந்துருச்சுபோலன்னு படுத்திருந்தேன்."

பையன் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான்.

டீச்சர் பிழைத்தார். பிழைக்காதவர்களும் உண்டு. நம் தேசத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஏதோ தூக்கம் கெட்ட பெரிய மனிதர் போட்ட கேஸ் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. தீர்ப்பின் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 1998 ஜனவரி 3-ம் தேதிப் பேப்பர்களில் வந்த செய்தி. பதின்மூன்று வயதுப் பெண். பலாத்காரம். உதவிக்குக் கத்தியிருக்கிறாள். பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் அது யார் காதிலும் விழவில்லை. அன்று சாயங்காலம் அந்தப் பெண் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனாள். அதைப் படித்த ஓர் இன்ஜினீயர் தாங்க முடியாமல் கோர்ட்டுக்குப் போனார். ஏழு வருஷம் நடந்தது கேஸ்.

அதாவது தூக்கம், பரீட்சை, பி.பி. எல்லாம் அந்த வழக்கில் பிறகு சேர்ந்துகொண்டவை. முதலில் வந்தது, ஒருத்தி கத்தினாள், கேட்கவில்லை என்பது.

எங்கள் பிளாட்ஸ் அசோசியேஷனில் அப்புறம் மீட்டிங் போட்டார்கள். மூன்று மணி நேரம், அதுவே தனி ஒலி மாசு. ஹாரனுக்குத் தடை என்று ஒரு தீர்மானம். பாத்ரூமில் எல்லாரும் காலிங் பெல் ஸ்விட்ச் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். இரண்டாவதற்குச் செலவு யார் என்பதில் அடுத்த மூன்று மணி நேரம். ஸ்விட்ச் இன்னும் வரவில்லை.

டீச்சர் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "அது எங்கடா கெடைக்கும்? எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு" என்றார். வாங்கிக் கொடுத்தான். இப்போது பாத்ரூமில், தரையிலிருந்து கை எட்டுகிற உயரத்தில், சீயக்காய்த் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் வாட்ச்மேனுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்: விடாமல் ஊதினால் நான் விழுந்துட்டேன்னு அர்த்தம். 1972 விதிகளை அவர் படித்ததில்லை. இருந்தாலும் ஒரு வரி பிசகாமல் சொல்லியிருக்கிறார்.

வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே! போன மாசம் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு டெஸ்ட் பண்ணியிருக்கிறார். பாம்ம்ம்ம்ம். முதலில் ஓடி வந்தவர் வாட்ச்மேன். அவர் பின்னால், நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த மூன்றாவது மாடிப் பையன், லுங்கியும் தூக்கம் கலைந்த கண்ணுமாக.

டீச்சர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான். அப்புறம் கேட்டான்:

"என்ன டீச்சர் இது, மனுஷன் தூங்க வேணாமா?"